மாலதி பேருக்கு அர்ச்சனை

வெள்ளி இரவு, 2005

அண்ணன் மகள் மாலதிக்குக் குடல் புண். இன்று ஆஸ்பத்திரியில் ஒரு கையில் ரத்தம் எடுத்து, மிஷினில் வடிகட்டி, மறு கையில் ஏற்றினார்கள். நான் மர்பி டவுன் அம்மன் கோயிலுக்குப் போனேன். குருக்கள் பேரும் நட்சத்திரமும்தான் கேட்டார். அம்மனுக்கு விவரம் தெரியட்டுமே என்று, மலத்தில் ரத்தம் போவது, மிஷின், எல்லாம் உரக்கச் சொன்னேன்.

மாலதிக்குப் பேசி வைத்திருக்கும் பையனின் அம்மா பின்னால் நின்றிருந்தாள்.

“எனக்கும் பிரசாதம் குடுங்க. எங்க பையன் தப்பிச்சானே. காபி மாதிரி ரத்தத்த வடிகட்டுற பொண்ணு எங்களுக்கு வேணாம்மா” என்று சிரித்தாள்.

சாயங்காலம் மாலதி வந்தாள். இரண்டு கையிலும் பிளாஸ்திரி. குங்குமத்தை நானே வைத்துவிட்டேன்.

“அவர்கிட்ட நானே சொல்லிக்கிறேன் அத்தை. நீங்க யார்கிட்டயும் வாயத் திறக்காதீங்க.”

“அம்மன்கிட்ட மட்டும்தான்டி சொன்னேன்” என்றேன்.