மாவு பூசிய முகம்

வெய்ன்ரைட், ஜார்ஜியா
11 ஜனவரி 1987

அன்புள்ள வில்லெட்டா அக்காவுக்கு,

நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? டெட்ராய்ட் குளிரில் அது உன்னைச் சும்மா விடாது. போன் செய்தால் பேச்சை மாற்றிவிடுகிறாய், அதனால் எழுதுகிறேன்.

பிப்ரவரியில் எங்கள் ஆஸ்பத்திரியில் கறுப்பின வரலாற்று மாத விழா. போன வருஷம்வரை சேர்ந்திசையும் சுவரில் நாலு படங்களும்தான். இந்த முறை எங்கள் சமையற்கூடத் தலைவி வயோலா பொங்கிவிட்டாள். "வருஷா வருஷம் பாடுறோம், கோழியும் கீரையும் தின்னுட்டுக் கையைத் தட்டிட்டுப் போறோம். இந்தக் கட்டடத்துக்கு அடியிலயே நம்ம கதை கிடக்கே, அதை எடுங்கடி!" என்றாள். ஆகவே நாடகம் போடுகிறோம். கறுப்பர்களை மட்டும் வைத்திருந்த பழைய நிலவறை வார்டைப் பற்றி. எழுதுவது யார் தெரியுமா? உன் தங்கை! சிரிக்காதே.

நம் அம்மா பீச் பழத் தொழிற்சாலையில் மயங்கி விழுந்து அங்கேயே இறந்தாள் என்று அப்பா சொல்வார். அவளுக்கு அந்த வார்டுகூடக் கிடைக்கவில்லை. எனக்கு அப்போது ஆறு வயது, ஒன்றும் நினைவில்லை. உனக்குப் பதினாலு. அந்த நாட்களில் நோய் வந்தால் நம் ஆட்கள் என்ன செய்தார்கள்? நினைவிருப்பதை எழுது.

உன் தங்கை,
ஓரா லீ


டெட்ராய்ட்
19 ஜனவரி 1987

அன்புள்ள ஓரா லீ,

இங்கே முழங்கால் அளவு பனி. எனக்கு ஒன்றும் நினைவில்லை. செத்தவர்களைக் கிளறி என்ன ஆகப்போகிறது? நீ அந்த ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தபோதே வேண்டாம் என்றேன், கேட்டாயா? நாடகமெல்லாம் உனக்கெதற்கு? நீ செய்யும் சர்க்கரைவள்ளிக்கிழங்கு 'பை' பலகாரத்துக்கு ஊரே ஏங்கும். அதைச் செய்து எடுத்துப் போ.

ஈஸ்டருக்கு வருகிறேன். எனக்குப் பிடித்த சோளரொட்டி வேண்டும்.

வில்லெட்டா


வெய்ன்ரைட்
28 ஜனவரி 1987

அக்கா,

உட்கார்ந்துகொண்டு படி.

விழாவுக்காகப் பழைய பதிவேடுகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கிறார்கள். பதிவேட்டு அறை மிஸ்டர் பூன் 1949ஆம் வருஷத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். அதில் அப்பாவின் கையெழுத்தைப் பார்த்தேன். அந்த வளைந்த 'ஜூலியஸ் ஹார்டி'யை நான் எங்கே பார்த்தாலும் அடையாளம் காண்பேன். அந்த வரியை அப்படியே எழுதுகிறேன்:

"ஜூன் 14. ஆனி. நீக்ரோ. வீட்டு வேலைக்காரி. கடும் வயிற்று வலி. கொண்டுவந்தவர்: எஜமானர் மகள். 15 விடிகாலை இறந்தாள். உடலைப் பெற்றவர்: கணவர்."

அக்கா, அம்மா இங்கேதான் செத்திருக்கிறாள்! அப்பா நம் இருவரிடமும் பொய் சொல்லியிருக்கிறார். ஆனியாம்! அர்சூலா என்ற பெயரைக்கூடக் கேட்டு எழுத ஆளில்லை. அம்மா எந்த வீட்டில் வேலைக்காரியாக இருந்தாள்? அந்த எஜமானர் மகள் தொழிற்சாலை முதலாளியின் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும். மூட்டையைப் போலப் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள் பாவி. அவள் நாசமாய்ப் போக. உயிரோடு இருந்தால் அவள் கண்ணில் தூக்கமே வராமல் போகட்டும்.

இப்போது நாடகம் முழுக்க அதுதான். நான் அம்மா. எஜமானர் மகளாக எக்ஸ்ரே பிரிவு ஜெனீவா. அவள் ஏற்கெனவே வெளுப்பு. நேற்று ஒத்திகையில் வயோலா ஒரு கை மாவை அள்ளி அவள் முகத்தில் அப்பி, "போதும்டி, உன்னை இப்ப முன்வாசல்ல சலாம் போட்டு உள்ள விடுவான்!" என்றாள். விழுந்து விழுந்து சிரித்தோம். மாவோடு அவள் நின்றால் உன் பதினாலு வயதுப் போட்டோ மாதிரியே இருக்கிறாள், போ.

20ஆம் தேதி நாடகம். நீயும் வந்தால் என்ன?

ஓரா லீ


டெட்ராய்ட்
7 பிப்ரவரி 1987

ஓரா லீ,

நீ சாபமிட்ட பெண்ணுக்குத் தூக்கம் போய் முப்பத்தெட்டு வருஷமாகிறது. அவள் டெட்ராய்டில் இருக்கிறாள். முழங்கால் வலிக்காரி.

அன்று தொழிற்சாலைக்கு அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டு போனேன். பெட்டிகளுக்குப் பின்னால் சுருண்டு கிடந்தாள். அப்பா மரலாரியோடு வெளியூரில். பக்கத்து வீட்டு மாமாவின் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனோம். அவர் தெருமுனையிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டார், அவருக்குப் பயம்.

நாமாக நிலவறைக்குப் போனால் பெஞ்சில் சாயங்காலம்வரை உட்கார வேண்டும். வெள்ளைக்காரி தன் வேலைக்காரியைக் கூட்டி வந்தால் உடனே கட்டில். இது ஊருக்கே தெரியும். என் வெளுத்த நிறமும் தலைமுடியும் உனக்குத் தெரியும், தெரியாதவர்கள் வெள்ளைக்காரி என்றே நினைப்பார்கள். தொப்பியை நேராக வைத்துக்கொண்டு அம்மாவைத் தாங்கியபடி வெள்ளைக்காரர்களின் முன்வாசலில் ஏறினேன். "எங்க வீட்டு வேலைக்காரி. அப்பா சீக்கிரம் பாக்கச் சொன்னாங்க" என்றேன். இரண்டு பேர் ஓடி வந்தார்கள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன், ஓரா லீ.

பெயர் கேட்டாள் நர்ஸ். அர்சூலா ஹார்டி என்றால் எங்கே என் பெயரும் வெளியே வந்துவிடுமோ என்று பயந்து, வாயில் வந்த 'ஆனி'யைச் சொன்னேன். பிறகு அவள், "நீ வீட்டுக்குப் போ கண்ணு. கீழ எல்லாம் நீ வரக் கூடாது" என்றாள். அதை நான் யோசிக்கவே இல்லை. எஜமானர் மகள் வேலைக்காரியின் கட்டிலருகே உட்கார முடியாது என்பதை யோசிக்கவே இல்லை. உண்மையைச் சொன்னால் இருவரையும் வெளியே தள்ளுவார்களோ என்று நின்றேன். அம்மா என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நீங்க போங்கம்மா. நான் பாத்துக்கிறேன். நீங்க வீட்டுக்குப் போங்க."

என்னிடம். பெற்ற பெண்ணிடம்.

காவலாளி தொப்பியைத் தொட்டுக் கதவைத் திறந்துவிட்டான். பெயரை மாற்றிச் சொன்னதை அப்பாவிடம் நான் சொல்லவில்லை, மறுநாள் அவர் போய் அர்சூலா ஹார்டியைக் கேட்டார். அப்படி யாரும் இல்லை என்றார்கள். மதியம்தான் கண்டுபிடித்தார். சாகும்போது பக்கத்தில் யாருமில்லை. அப்பா என்னைத் திட்டவில்லை. "இதை நம்ம ரெண்டு பேரோட விட்டுடுவோம்" என்றார். விட்டுவிட்டேன்.

இனி உன் இஷ்டம்.

வில்லெட்டா


வெய்ன்ரைட்
22 பிப்ரவரி 1987

அக்கா,

உன் கடிதத்தை உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து படித்தேன். அந்த நிலவறைதான் இப்போது எங்கள் சரக்கறை. பதினொரு வருஷமாகத் தினமும் அங்கே போய் வருகிறேன்.

வயோலாவிடம் சொன்னேன். "சரி, மாவை எடுத்து உள்ள வைங்கடி" என்றாள். ஜெனீவா நீயாக, தன் முகத்தோடுதான் மேடை ஏறினாள். சாப்பாட்டுக்கூடத்தில் உட்கார இடமில்லை. "நீங்க போங்கம்மா" என்பது என் வசனம். ஒத்திகையில் சரியாகத்தான் வந்தது. அன்று ஜெனீவா தொப்பியோடு திரும்பி நின்றாள். அழுதுகொண்டுதான் சொன்னேன். அம்மா அழாமல் சொல்லியிருக்கிறாள். எப்படிச் சொன்னாளோ! முடிந்ததும் யாரும் கைதட்டவில்லை. சலவைப் பிரிவு பெரியம்மா ஒருத்தி எழுந்து, "எங்க அத்தையும் கீழதான் செத்தா" என்றாள். பிறகு இன்னொருத்தர் எழுந்தார். முன்வரிசையில் நிர்வாகி தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாடு ஆறிப்போயிற்று.

பதினாலு வயதுப் பெண்மேல் எனக்குக் கோபமில்லை. என் தலையைப் பின்னி, என்னைப் பள்ளிக்கு அனுப்பிய அக்காமேல்தான் கோபம். அம்மா கடைசியாக என்ன சொன்னாள் என்று எத்தனை தடவை உன்னைக் கேட்டிருப்பேன்? ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்றாய். ஈஸ்டருக்கு வராதே. உன் முகத்தைப் பார்த்துச் சோளரொட்டி எடுத்து வைக்க என்னால் முடியாது.

பதிவேட்டைத் திருத்தக் கூடாதாம். பக்கத்தில் ஒரு சீட்டு வைக்கலாம் என்றார் மிஸ்டர் பூன். மார்ச் கடைசிவரை பெட்டி இருக்கும். அம்மா பெயரை நான் எழுதிவிட்டேன். மற்ற இரண்டு வரிகள் நான் எழுத வேண்டியவை அல்ல. சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன்.

ஓரா லீ


டெட்ராய்ட்
19 மார்ச் 1987

ஓரா லீ,

சீட்டு ஒன்றே ஒன்று என்பதால் பழைய உறைகளில் எழுதிப் பழகினேன். ஈஸ்டருக்கு வரவில்லை. இதை மட்டும் அம்மா பக்கத்தில் வை.

பெயர்: அர்சூலா ஹார்டி
கொண்டுவந்தவர்: வில்லெட்டா ஹார்டி
உறவு: மகள்