கோஸ்தான்

மே 12, திங்கள்

பகல் முழுக்க மழை. பள்ளிச் சட்டை காயவில்லை. கணிதப் பயிற்சி பாதியில் நிற்கிறது.

போர்வைக்குள் எழுதுகிறேன். தமிழில்தான். தங்கச்சி படிப்பது மலாய் மொழித் தேசியப் பள்ளி, அவளுக்குத் தமிழ் படிக்க வராது. அப்பாவுக்கு நன்றாக வரும். மாட்டினால் செத்தேன்.

அப்பா வேலைக்குப் போவதில்லை. எங்களிடம் "லீவு" என்றார். லீவு இல்லை. விமான நிலையத்தில் பெட்டி இழுக்கும் டிராக்டர் ஓட்டும் பாஸைப் பிடுங்கிவிட்டார்கள். அம்மாவிடம் சமையல்கட்டில் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன்.

"தரைக்குள்ள காந்தம் மாதிரி ஒன்னு பொதச்சிருக்கானுங்க. மேல இரும்பு வந்தா அதுக்குத் தெரிஞ்சிரும். மழையில கேமராவுக்குக் கண்ணு தெரியாதாம், இதுக்குத் தெரியுமாம். நான் கோட்டத் தாண்டி பிளேன் போற பாதையில நின்னேன்னு அது சொல்லுதாம். பிளேன நிறுத்தி வச்சிட்டாங்களாம்."

"நீங்க தாண்டுனீங்களா?"

"மழையில கோடு தெரியல. வண்டி மூக்கு மட்டும் போச்சு. ஒடனே கோஸ்தான் பண்ணிட்டேன்லா. யாரு நம்புறா?"

அப்புறம் தட்டு விழுந்த சத்தம். விழுந்ததா, எறிந்தாரா, தெரியாது. அம்மா அழுவது கேட்டது. போய்ப் பார்க்கப் பயம்.

சாயங்காலம் அப்பா காரை, எங்கள் கெரேத்தாவை, பின்னால் எடுத்து நிறுத்தும்போது வழக்கம்போல் நான்தான் பின்னால் நின்றேன். எங்கள் பிளாட்டின் கீழே இடம் குறுகல், பின்பக்கம் தூண். "கோஸ்தான்... கோஸ்தான்... இன்னும் கொஞ்சம்... நில்லுங்கப்பா." இதுதான் இன்று நானும் அப்பாவும் பேசிய மொத்தப் பேச்சு.

மே 13, செவ்வாய்

மழை விட்டுவிட்டது. வெக்கை. ஆயர் ஈத்தாம் சந்தையில் மீன் இல்லை, முட்டைக் குழம்பு.

மணியம் அங்கிள் வந்தார். அப்பாவோடு அதே டிராக்டர் வேலை. அப்பா சொன்னதாக ஆபீசில் எழுதி வைத்திருப்பதைப் போனில் படம் எடுத்து வந்திருந்தார். சனிக்கிழமை அப்பா அதில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் பாஸ் திரும்பக் கிடைக்காது என்கிறார் அங்கிள். போட்டால் வெறும் வார்னிங்தான் என்று ஆபீசில் சொன்னார்களாம். யார் பொய்?

"உள்ள போயி அங்கயே நின்னேன்னு நீயே சொல்லியிருக்கியேடா!"

"நான் எங்க சொன்னேன்? கோஸ்தான்னுதான் சொன்னேன்!"

"பொறவு எப்படி எழுதியிருக்கான்? அந்தாளு தமிழன்தான? சென்னைக்காரன். புரியலன்னு சொல்ல முடியுமா? அவன் கம்பெனி கருவி தப்புன்னு ஆயிரக் கூடாது. அதான் மாத்தி எழுதிட்டான்."

அந்தக் கருவியைப் புதைத்த கம்பெனியின் இன்ஜினியர் அவர். அப்பாவை விசாரித்ததும் அவர்தான். அன்று அப்பா எவ்வளவு சந்தோஷமாக வந்தார்! "நம்ம ஆளு, தமிழ்லயே கேட்டாரு, மனசு விட்டு எல்லாத்தையும் சொல்லிட்டேன்." மலாய்க்கார ஆபீசர் கேட்டிருந்தால் அப்பா யோசித்து யோசித்துப் பேசியிருப்பார். தமிழ் என்றதும் மொத்தத்தையும் கொட்டிவிட்டார்.

தேநீர் வைக்கும்போது மேசையில் கிடந்த போனை எட்டிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் இருந்தது. 'ஐ கோ, ஸ்டேன்ட் தேர்.'

கோ. ஸ்டேன்ட்.

கோஸ்தான்!

தேநீர் சிந்திவிட்டது. அந்த ஆளுக்குக் கோஸ்தான் தெரியாது! பின்னால் எடுத்தேன் என்று அப்பா சொன்னதை 'போனேன், நின்றேன்' என்று கேட்டிருக்கிறார். பொய்யும் இல்லை, சதியும் இல்லை. காது.

"அப்பா, அவருக்கு அந்த வார்த்த தெரியாதுப்பா. போன் போட்டுச் சொல்லுங்க."

"பெரியவங்க பேசுற எடத்துல ஒனக்கு என்ன வேல? போ உள்ள!"

அங்கிள் சிரித்தார். "லாயராயிருவா போல."

"தமிழனுக்குத் தமிழ் புரியலயாம்! அவன் கால்ல விழச் சொல்றியா? போன்னா போ!"

போனேன். கதவைச் சாத்திக்கொண்டு தலையணையைக் குத்தினேன். அந்த ஆள்மேல் கோபம். தெரியாத வார்த்தை வந்தால் என்னவென்று கேட்க வேண்டியதுதானே? வாயில் கொழுக்கட்டையா? அப்பாமேல் இன்னும் கோபம். ரோஷத்துக்காக வேலையை விடுவாராம்.

மே 14, புதன்

பிசிக்ஸ் ஆசிரியரிடம் திசைகாட்டி கேட்டேன். காரணம் கேட்கவில்லை. ஊசி கொஞ்சம் துருப்பிடித்தது.

பள்ளி விட்டதும் பிளாட் வாசலில், கெரேத்தா நுழையும் இடத்தின் ஓரமாகத் தரையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாங்கள் பாக்சிக், மாமா, என்று கூப்பிடும் வாட்ச்மேன் "காசைத் தொலைத்தாயா?" என்று மலாயில் கேட்டார்.

கெரேத்தா கடந்து போனால் ஊசி ஒரு பக்கம் சாய்ந்து, பிறகு மறுபக்கம் சாய்ந்து, பழைய இடத்துக்கு வருகிறது. மூக்கை மட்டும் நீட்டிவிட்டுக் கோஸ்தான் எடுத்தால் ஒரே பக்கம்தான் சாய்கிறது, வந்த வழியே திரும்புகிறது. தக்காளி விற்கும் ஆன்ட்டி இடம் தேடி முன்னே பின்னே எடுத்தபோது தெளிவாகத் தெரிந்தது. அவருக்கு ஓட்ட வராதது எனக்கு உதவி.

இந்த இரும்பு ஊசிக்கே தெரிகிறது. அவ்வளவு பெரிய விமான நிலையத்தில் புதைத்ததற்குத் தெரியாமலா இருக்கும்? தெரியும். அது பதிந்து வைத்திருக்கும். யாரும் பார்க்கவில்லை.

அப்பா குளிக்கப் போனதும் அவர் போனை எடுத்தேன். 'சென்னை சார்' என்று நம்பர் இருந்தது. தமிழிலேயே அடித்தேன்:

சார், கோஸ்தான் என்றால் ரிவர்ஸ். இங்கே எல்லாரும் அப்படித்தான் சொல்வோம். அப்பா போய் நிற்கவில்லை, பின்னால் எடுத்தார். உங்கள் கருவி பதிந்த கோடு ஒரே பக்கம் போய்த் திரும்பியிருக்கிறதா, தயவுசெய்து பாருங்கள். இப்படிக்கு மகள்.

அனுப்பிவிட்டேன். அழிக்கவில்லை. தண்ணீர்ச் சத்தம் நின்றதும் போனை இருந்த இடத்திலேயே வைத்தேன்.

பயமாக இருக்கிறது.

மே 15, வியாழன்

பள்ளியில் ஒன்றும் ஏறவில்லை. செஜாரா, வரலாறு, சோதனை நாசம்.

சாயங்காலம் அப்பா போன் அடித்தது. அம்மா பக்கத்தில். அப்பா எப்போதும்போல் ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணே, உங்க பொண்ணு மெசேஜ் பாத்தேன். கிராஃப எடுத்துப் பாத்தோம். நீங்க சொன்னதுதான் கரெக்ட். வண்டி ரிவர்ஸ்ல போயிருக்கு. நீங்களே ஒத்துக்கிட்டீங்கன்னு நெனச்சு அன்னிக்கு கிராஃப பாக்கல. சாரிண்ணே. நம்ம ஊர்ல கோஸ்தான்னு சொல்றதில்லையே, அதான்."

நம்ம ஊராம்! எது நம்ம ஊர்? அப்பா பிறந்தது இங்கே. புரியாதது அவருக்கு, அதற்கும் குறை எங்கள் வார்த்தையிலா?

அப்பா சொன்னார்: "பரவால்ல சார்."

பரவால்லயா? அம்மா அழுததெல்லாம் பரவால்லயா? அந்தத் தட்டு?

சனிக்கிழமை கையெழுத்து வேண்டாமாம். திங்கட்கிழமை வந்து பாஸை வாங்கிக்கொள்ளச் சொன்னார். அப்பா போனை வைத்தார். மெசேஜைத் தேடிப் படித்தார். ரொம்ப நேரம் படித்தார். சின்ன மெசேஜ்தான்.

"நீயா?"

"ஆமா."

அடி விழும் என்று கண்ணை மூடினேன். விழவில்லை.

"கீழ வா. வண்டிய மாத்திப் போடணும்."

போனேன். அப்பா கண்ணாடியைப் பார்க்கவே இல்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டே பின்னால் எடுத்தார். கோஸ்தான் என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. வந்துகொண்டே இருந்தார். தூண் கிட்டே வந்துவிட்டது.

"நில்லு!" என்று கத்தினேன். 'ங்க'வும் இல்லை, 'அப்பா'வும் இல்லை.

நின்றார்.