வேலியோரத்து போர்வெல்

சித்திரை 9, செவ்வாய்.

ராத்திரிச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

சாயங்காலம் டேங்கர் லாரிக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தோம். துடியலூரில் புதிதாக வந்திருக்கும் அடுக்குமாடி வீடுகளுக்குப் போகிற தண்ணீர். பக்கத்துத் தோட்டத்து ரங்கசாமி வேலியைத் தாண்டி வந்தான்.

“ஏனுங்கண்ணா, நம்ம கெணறு வத்திப்போச்சுங்க. மாட்டுக்குக்கூடத் தண்ணியில்லீங்க. எனக்கும் ஒரு லோடு ஊத்தச் சொல்லுங்க. என்ன வெலையோ குடுத்துப்போடறேனுங்க.”

கிணறு ஏன் வற்றியது என்று அவனுக்குத் தெரியும். என் தென்னைகளுக்கு என் கிணறே போதும். லாரிக்கு விற்கும் ஆசையில்தான் தை மாதம் ஆயிரம் அடிக்கு போர் போட்டேன். என் கிணற்றுப் பக்கம் போட்டால் என் ஊற்று போய்விடும் என்று யோசித்து, அவன் வேலியை ஒட்டி இடம் காட்டியவனும் நான்தான்.

அவன் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. நானாவது, ‘எடுத்துக்க சாமி’ என்று சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது வேறு.

“டிரைவர்கிட்ட வெலையப் பேசிக்கப்பா.”

“செரீங்கண்ணா, வாரேனுங்க.”

டிரைவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டான். ரங்கசாமியின் ஊற்றுத் தண்ணீரை அவனுக்கே விலைக்கு விற்கிறேன். என் வீட்டுக்காரி எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ராத்திரி சோற்றைப் போட்டு வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டாள்.

போர்வெல் மோட்டார் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருக்கிறது. சத்தம் இங்கே வரை கேட்கிறது. எழுந்து போய் நிறுத்திவிட்டுப் படுக்கலாம்.

ஆனால் விடிந்ததும் லாரி வந்துவிடும். தொட்டி இன்னும் நிரம்பவில்லை.