கட்டைவிரல் பதிய ஒரு குழி

மஸ்கட்

பேரன்புமிக்க கோவிந்தம்மாள் அக்காவுக்குத் தம்பி கண்ணையன் வணங்கி எழுதுவது. திண்டிவனத்தில் மழை உண்டா? உன் முட்டிவலி தேவலையா? இனி எழுதப்போவதை வீட்டில் ஒருவரும் நம்ப மாட்டீர்கள். இது சத்தியம்.

விழுப்புரத்தில் நீ வாங்கிய கத்தியைப் புதுப் பிடி போட்டுத் தருவதாக எடுத்து வந்தேனே, அதற்காக உடைந்த ஆக்சா பிளேடைத் தரையில் உரசி, முனையை வட்டமாக்கி, சைக்கிள் டியூப் சுற்றி ஒரு சுரண்டி செய்தேன். அதன் கூர்மையில் காற்றே இரண்டாகப் பிளந்தது. வேடிக்கை பார்க்க ஒட்டகங்கள் கடல்வரை வரிசை கட்டின.

அதை வைத்துப் பிடியில் உன் கட்டைவிரல் பதிய ஒரு குழி சுரண்டினேன். என் அறையில் தங்கியிருக்கும் வல்லரசு பிடித்துப் பார்த்தான்.

"சோத்தாங்கைக்குச் சுரண்டிக்கினு இருக்கியேண்ணே, அக்கா எந்தக் கையால நறுக்கும்?"

"எங்க அக்காவுக்குப் பத்து கைடா" என்று அளந்துவிட்டேன். அத்தனை வருஷம் உன் சோற்றைத் தின்றவன், நறுக்கும் கையை ஒருநாளும் பார்த்ததில்லை. பிடி பாதியில் கிடக்கிறது.

நீ நறுக்கும் கையைத் தாளில் வை, உன் மகள் கலைப்பிரியா அதைச் சுற்றி வரைந்து அனுப்பட்டும். கொஞ்சம் வறுத்த மல்லாட்டையும் அனுப்பு, இங்கே கிடைக்கும் வேர்க்கடலையில் நம்மூர் ருசி இல்லை. கம்பெனி வண்டி வந்துவிட்டது.

ஒட்டகம் பொய், காற்று பிளந்ததும் பொய். நீ நறுக்கும் கை எதுவென்று எனக்குத் தெரியாதது மட்டும் நிஜம், அக்கா.

கண்ணையன்