பின் போர்ஷனுக்காக நீ சொன்ன சாட்சி

என் அம்மாவுக்கு,

நீ உயிரோடு இருந்தவரை உனக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. ஏன் என்று நீயும் கேட்டதில்லை. கையெழுத்துப் போடுவதைத் தவிர உனக்கு எழுத்து தெரியாது. எந்தக் கடிதம் வந்தாலும் பின் போர்ஷனுக்குத்தான் எடுத்துக்கொண்டு போவாய். என் மனசில் இருப்பதை நான் எழுத, அங்கே குடியிருந்த ரோஸ்லின் டீச்சர் அதைத் தன் குரலில் படிக்க, நீ அவள் முகத்தைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருப்பாய். அதற்கு எழுதாமலே இருந்துவிடலாம் என்று இருந்துவிட்டேன்.

நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. இனிப் படித்துக் காட்ட ஆள் வேண்டாம். நானே சொல்கிறேன். உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் என் பக்கத்திலிருந்து நீ கேட்டதில்லை.

எண்பத்தைந்தில் காஞ்சிபுரத்திலிருந்து ஒரு பெட்டியோடு சிட்லபாக்கத்துக்கு வந்து இறங்கினேன். குழந்தை இல்லை என்று சொல்லிப் புருஷன் வீட்டில் அனுப்பிவிட்டார்கள். நீ கேட்டைத் திறந்தாய். பெட்டியைப் பார்த்தாய். "இன்னா செல்வி, சொல்லாம கொள்ளாம வந்துட்ட" என்று சொல்லி வழிவிட்டு நின்றாய். அவ்வளவுதான். என்ன நடந்தது என்று அன்றைக்கும் கேட்கவில்லை, அப்புறமும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பிய ரோஸ்லினிடம் கிணற்றடியில் நீ பேசியது சமையல்கட்டு ஜன்னல் வழியாக எனக்குக் கேட்டது. "இன்னா ரோசு, மூஞ்சி வாடிக் கீது? மத்தியானம் சாப்டியா இல்லியா?"

ரோசு. அவளுக்கு நீயாக வைத்துக்கொண்ட செல்லப் பெயர். அவள் உன்னை "அம்மா" என்றுதான் கூப்பிட்டாள், வீட்டுக்காரம்மா என்றில்லை. நான் ஏழு வருஷம் வெளியூரில் இருந்த நேரத்தில் என் இடத்தில் வேறொருத்தி குடியேறிவிட்டாள் என்று எனக்குத் தோன்றியது. அவளுக்கு நீ விட்டது பின்னால் இருந்த இரண்டு அறை மட்டும்தானா அம்மா?

அவள் கதையும் எனக்குத் தெரியும். அரைகுறைச் சம்பளத்தில் ஆரம்பப் பள்ளி டீச்சர். புருஷன் சாமுவேல் டி.பி.க்காக சானடோரியத்தில் பல மாதம் படுத்திருந்தவர். நோய் போய்விட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தும் இருமல் மட்டும் போகவில்லை. நம் பக்கத்து ஜனங்கள் அந்த ஆஸ்பத்திரியைச் சுற்றித்தான் பிழைக்கிறார்கள். பால் ஊற்றுவார்கள், டீக்கடை போடுவார்கள். அங்கிருந்து வந்தவனுக்கு வீடு கேட்டால் மட்டும் கதவைச் சாத்துவார்கள். ரோஸ்லினும் சாமுவேலும் வீடு கேட்காத தெரு இல்லை. நீ ஒருத்திதான், "இருமினா இருமட்டும், அதுக்கா வூடு இடிஞ்சி வுழுந்துடும்?" என்று சாவியைக் கொடுத்தாய். ஊரே அதை இன்றைக்கும் சொல்லும். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்க வேண்டும் இல்லையா? இருந்ததில்லை.

எனக்கும் கஷ்டம் இருந்தது அம்மா. முன்பக்கம் ஒரே ஒரு கூடம், ஒரு சமையல்கட்டு. கூடத்தில் பாய் போட்டுப் படுத்தேன். துணியெல்லாம் பெட்டியிலேயே கிடந்தது. வருகிற சொந்தக்காரர்கள் என் முன்னாலேயே, "இன்னும் கூட்டிகினு போக வரலியா?" என்று கேட்டார்கள். எழுந்து போய் உட்கார எனக்கு ஓர் அறை இல்லை. மூடிக்கொள்ள ஒரு கதவு வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பின் போர்ஷனுக்குத் தனி வாசலும் தனிக் கதவும் இருந்தன. தேவை பாதி, பொறாமை பாதி. எந்தப் பாதி பெரிசு என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"அவங்கள காலி பண்ணச் சொல்லும்மா" என்று கேட்டேன்.

"அது எங்க போவும்?"

"அப்ப நான் எங்க போறது?"

"நீ ஏண்டி போவணும்? இங்கதான கீற."

அதற்குப் பிறகு மூன்று மாதம் நான் உன்னோடு பேசவில்லை. நீ சோறு போட்டு வைப்பாய், நான் சாப்பிடுவேன், தட்டைக் கழுவி வைப்பேன், வாய் திறக்க மாட்டேன். கடைசியில் நீயே வந்து, "எதுல கையெழுத்து போடணும், குடு" என்றாய். வீடு உன் பெயரில் இருந்ததால் மனுவும் உன் பெயரில்தான் போட வேண்டியிருந்தது. வீட்டுக்காரியின் மகளுக்குக் குடியிருக்க இடம் தேவைப்படுகிறது என்று வக்கீல் எழுதினார். நோட்டீஸ் பின்னால் போனது. அதையும் உனக்கு அவளே படித்துக் காட்டினாளாமே. நீ போன பிறகுதான் சொன்னாள்.

கேஸ் இழுத்தது. பொறுக்க முடியாமல் ஒரு நாள் கிணற்று மோட்டார் சுவிட்சுப் பெட்டியைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த ஆபீசுக்குப் போய்விட்டேன். திரும்பி வரும்போது சாமுவேல் தெருப் பம்பிலிருந்து ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு, நாலு அடிக்கு ஒரு தரம் இறக்கி வைத்து இருமிக்கொண்டே வந்தார். என்னைப் பார்த்ததும் ஒதுங்கி வழிவிட்டார். வீட்டுக்குள் வந்தால் நீ அம்மிக் குழவியோடு சுவிட்சுப் பெட்டி முன்னால் நிற்கிறாய். பூட்டு இரண்டாகக் கிடந்தது. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட என்னை ஒரு மனுஷியாக மதித்தாய் என்று இருந்திருக்கும்.

வக்கீல் திட்டினார். "தண்ணியில கை வெச்சா நம்ம கேஸ்தாம்மா கெட்டுப்போகும். வாடகை ஒழுங்கா குடுக்கற வரைக்கும் தண்ணி, கரண்ட் எதையும் நிறுத்த உங்களுக்கு உரிமை கிடையாது. கோர்ட் உத்தரவு இல்லாம அவங்க ஒரு சாமானக்கூட நீங்க வெளிய எடுத்து வைக்க முடியாது. தெரிஞ்சுக்குங்க." எழுதிக் கொடுத்த காகிதம்கூட இல்லாமல் உன் வாய்ச்சொல்லை நம்பி வந்தவளுக்கு இத்தனை உரிமை இருக்கிறதா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. வீட்டுக்காரியின் மகளுக்கு என்று சட்டத்தில் தனியாக ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை.

அப்புறம் நீ கூண்டில் ஏறிய நாள்.

டீச்சர் தரப்பு வக்கீல் சின்னப் பையன் மாதிரி இருந்தார். மெதுவாகத்தான் கேட்டார். "ஏம்மா, பின் போர்ஷன் உங்க பொண்ணுக்கு வேணும்னு சொல்றீங்க. பொண்ணு இப்ப எங்க இருக்காங்க?"

"எங்கூடதான் கீது."

"அங்க எடம் பத்தலையா?"

பத்தவில்லை என்று ஒரே வார்த்தை சொல்ல வேண்டும். நம் வக்கீல் நாலு தடவை சொல்லிக் கொடுத்திருந்தார். நீ என்னைப் பார்த்தாய். பின் பெஞ்சில் தலை குனிந்து உட்கார்ந்திருந்த அவளைப் பார்த்தாய். அப்புறம் ஜட்ஜைப் பார்த்துப் பேசினாய்.

"பத்தும் சாமி. ரெண்டு பேரு படுக்க எவ்ளோ எடம் வோணும்? அதுக்குத் தனியா கதவு வோணுமாம், ஆசப்படுது. தப்பில்ல. ஆனா இந்தப் பொண்ண அனுப்பிட்டா, இருமற புருஷன வெச்சிகினு எந்த வூட்டுக்குப் போவும்? எவன் குடுப்பான்? எம் பொண்ணுக்கு நான் கீறேன். அதுக்கு யாரு கீறா?"

"அப்ப இந்த மனுவுல ஏம்மா கையெழுத்து போட்டீங்க?"

"மூணு மாசம் எம் பொண்ணு எங்கூட பேசல சாமி. இன்னா பண்றது?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். நான் என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். எம் பொண்ணுக்கு நான் கீறேன் என்று நீ சொன்னது அன்றைக்கு என் காதில் விழவே இல்லை. அதற்கு அடுத்த வாக்கியம் மட்டும்தான் விழுந்தது. எனக்காக ஒரு பொய் சொல்ல உனக்கு மனசு வரவில்லை என்பது மட்டும்தான் புரிந்தது.

மனு தள்ளுபடியானது. ஒரே வீட்டில் வீட்டுக்காரர் ஒரு பாதியிலும் குடித்தனக்காரர் மறு பாதியிலும் இருந்து, வீட்டுக்காரர் அந்தப் பாதியையும் கேட்டால், இருவர் கஷ்டத்தையும் எடைபோட்டுத்தான் தீர்ப்பு சொல்ல வேண்டுமாம். எனக்குக் கிடைக்கும் வசதியைவிட அவளுக்கு வரும் கஷ்டம் பெரிது என்று எழுதியிருந்தார்கள். உன்னிடம்தான் எனக்கு இரண்டாவது இடம் என்று நினைத்திருந்தேன். கஷ்டத்திலும் அவளே என்னை முந்திவிட்டாள்.

அந்த வாரமே குரோம்பேட்டையில் வேலை பார்க்கும் பெண்கள் தங்கும் விடுதிக்குப் போய்விட்டேன். எட்டு வருஷம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ கருவாட்டுக் குழம்பு எடுத்துக்கொண்டு வருவாய். "உன் ரோசு எப்படிக் கீறா?" என்று குத்தலாகக் கேட்பேன். உனக்கு அந்தக் குத்தல் புரிந்ததே இல்லை. அவளுக்குப் பல்வலி, சாமுவேலுக்கு வாட்ச்மேன் வேலை கிடைத்தது, பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்‌ஷன் என்று பஸ் வரும்வரை சொல்லிக்கொண்டிருப்பாய். புரியாத மாதிரி நடித்தாயா?

நீ மயங்கி விழுந்த அன்று எனக்கு ஆபீசுக்குப் போன் வந்தது. நான் சிட்லபாக்கம் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கடைசித் தண்ணீரை உன் வாயில் விட்டவள் அவள். எந்தப் புடவை கட்ட வேண்டும் என்று பெண்கள் என்னைக் கேட்டபோது நான் முழித்தேன். அவள்தான் பீரோவைத் திறந்து அரக்குக் கலர் புடவையை எடுத்தாள். அதைப் போகும்போது கட்டிவிடச் சொல்லியிருந்தாயாம். அவளிடம் சொல்லியிருந்தாயாம்.

பதினாறாம் நாள் முடிந்து எல்லோரும் போன பிறகு அவளிடம் கேட்டேன். "கடைசியா என்னக் கேட்டாங்களா டீச்சர்?"

"இல்ல செல்வி. மோட்டார ஆஃப் பண்ணியான்னு கேட்டாங்க. அப்புறம் பேசல."

கேட்டாங்க என்று சொல்லியிருக்கலாம். யாருக்கு என்ன நஷ்டம்? உன்னோடு அத்தனை வருஷம் இருந்தவள், அதையும் உன்னிடமே கற்றுக்கொண்டிருக்கிறாள்.

இப்போது முன்பக்கம் நான் இருக்கிறேன். வீடு என் பெயருக்கு மாறிவிட்டது. போன மாதம் ஒரு புரோக்கர் வந்தான். நம் தெருவில் மூன்று வீடு இடித்து ஃபிளாட் வந்துவிட்டது. இடத்தைக் கொடுத்தால் எனக்கு ஒரு ஃபிளாட்டும் மேற்கொண்டு பணமும் தருவார்களாம். "பின்னாடி இருக்கறவங்கள மட்டும் நீங்க காலி பண்ணிக் குடுத்துடுங்கக்கா" என்றான். நான் அவளிடம் வாய் திறப்பதற்கு முன்பே அவளுக்கு விஷயம் எட்டிவிட்டது. "உனக்கு இடைஞ்சலா இருக்க மாட்டேன் செல்வி. கோர்ட்டுக்கெல்லாம் போக வேணாம். வேற எடம் பாத்துக்கறோம்" என்றாள். எனக்கு உள்ளூர சந்தோஷம்தான் அம்மா. மறைக்க மாட்டேன். வீடு தேட நானும் கூட வருகிறேன் என்றேன்.

போன சனிக்கிழமை கோவிலம்பாக்கம் போனோம். புருஷன் நோயைப் பற்றிப் பேச்செடுக்கக் கூடாது என்று பஸ்ஸிலேயே சொல்லி வைத்தேன். சரி என்று தலையாட்டினாள். முதல் வீட்டிலேயே சொல்லிவிட்டாள். இரண்டாவது வீட்டிலும் சொன்னாள். மூன்றாவது வீட்டுக்கார அம்மா சமையல்கட்டு, பாத்ரூம் எல்லாம் திறந்து காட்டி, தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்றுகூடச் சொல்லி முடித்திருந்தார். "அவருக்கு முன்னாடி டி.பி. இருந்துச்சுங்க. சரியாயிடுச்சு, இருமல் மட்டும் இருக்கு" என்றாள் ரோஸ்லின். உடனே அந்த அம்மாவுக்கு வேறு யாரிடமோ அட்வான்ஸ் வாங்கியது ஞாபகம் வந்துவிட்டது.

கதவைச் சாத்தப் போனவர் என்னைப் பார்த்துக் கேட்டார். "நீங்க யாரு, சொந்தமா?"

"இவங்க இப்ப இருக்கற வீட்டுக்காரி."

"நீங்களே வேணாம்னு அனுப்பறீங்க. எங்கள வெச்சிக்கச் சொல்றீங்களா?"

நான் படியிறங்கி வந்துவிட்டேன். வெளியே வெயில் கொளுத்தியது. ரோஸ்லின் முகத்தில் ஒன்றுமே இல்லை. முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "மேடவாக்கத்துல இன்னும் ரெண்டு எழுதி வெச்சிருக்கேன். வா, பாத்துட்டுப் போயிடலாம்" என்றாள். எத்தனை தெருக்களில் இப்படி நடந்து பழகியிருந்தால் இவ்வளவு சாதாரணமாக அது வரும்? நம் கேட்டை நீ திறப்பதற்கு முன்னால் அவள் நடந்த நடையை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"வேணாம் டீச்சர். வீட்டுக்குப் போலாம்."

"எந்த வீட்டுக்கு?" பட்டியலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"நம்ம வீட்டுக்கு."

இதைக் கேட்டிருந்தால் நீ சந்தோஷப்பட்டிருப்பாய் என்று நினைத்தபோதும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

மறுநாள் புரோக்கரிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். நான் திருந்திவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே. அவளைப் பார்க்கும்போது இப்போதும் என் நெஞ்சு எரியத்தான் செய்கிறது. நான் விடுதியில் வீம்பு பிடித்துக்கொண்டு கிடந்த எட்டு வருஷமும் நீ அவள் கண் முன்னால் வாழ்ந்தாய். என்ன சாப்பிட்டாய், எதற்குச் சிரித்தாய், கால் வலியோடு எந்தப் படியில் உட்கார்ந்தாய் எல்லாம் அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. அவளை அனுப்பினால் அந்த எட்டு வருஷத்தையும் அவள் தன் சாமானோடு கட்டி எடுத்துக்கொண்டு போய்விடுவாள். அப்புறம் உன்னைப் பற்றி நான் யாரிடம் கேட்பேன்?

அதனால் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். பின் போர்ஷன் அவர்களாக விரும்பிப் போகும்வரை அவர்களுடையது. உன்னைப்போல வாய்ச்சொல்லாக விடாமல், எனக்குப் பிறகு வருகிறவரும் மீற முடியாதபடி பத்திரத்தில் எழுதி, பதிவு செய்து அவள் கையில் கொடுக்கப் போகிறேன். வாரத்துக்கு ஒரு நாள் பின்னால் போய் உட்கார்ந்து, அந்த எட்டு வருஷத்தில் நீ எப்படி இருந்தாய் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டு வாங்கிக்கொள்வேன். அவள் பொய் சொல்ல மாட்டாள். எனக்குப் பிடிக்காததையும் சொல்வாள். கேட்டுக்கொள்கிறேன்.

அவள் உன்னை அம்மா என்று கூப்பிட்டுக்கொள்ளட்டும். கடிதத்துக்குக் கீழே இப்படிக் கையெழுத்துப் போட மட்டும் அவளால் முடியாது.

உன் வயிற்றில் பிறந்த ஒரே மகள்,
செல்வி