முதலாளி வாசித்த கடிதம்

செவ்வாய், இரவு

எனக்கு உதவிக்கு ஒரு ஆள் எடுக்க இண்டைக்கு எங்கட நண்டு ஏத்துமதிக் கந்தோரில நேர்முகம். பாப்பாமோட்டையில இருந்து ஒரு பிள்ளை வந்தவ. வணிக முகாமைத்துவப் பட்டம், வெளிவாரி. நல்லாத்தான் பதில் சொன்னவ.

"வெளிவாரியோ? அது வீட்டில இருந்து பாடமாக்கி எழுதிறதுதானே பிள்ளை," எண்டார் முதலாளி.

அவ என்னைப் பாத்தா. "அக்காவும் வெளிவாரிதான் சேர். ஞாயிறு வகுப்பில எங்களுக்கு முந்தின பட்ச்."

முதலாளி சிரிச்சார். "எனக்குத் தெரியாதே."

என்னை வேலைக்கு எடுக்கேக்க, பங்குச் சுவாமியார் எனக்காகச் சொன்ன ஒரு சொல்லே அவருக்குப் போதுமாயிருந்தது. எங்க படிச்சனான் எண்டு அவர் கேக்கவுமில்லை, நான் சொல்லவுமில்லை. அந்தப் பிள்ளையில கோவிக்கேலாது. அக்கா செய்யிற வேலையைத் தானும் செய்வன் எண்டுதான் சொல்ல வந்தவ.

பின்னேரம், கொழும்புக்கு அனுப்ப நான் எழுதின கடிதத்தை அவரிட்டக் கையெழுத்துக்குக் குடுத்தன். இவ்வளவு காலமும் வாசிக்காமலே கையெழுத்து வைச்ச மனுசன், கண்ணாடியைப் போட்டு முதல் வரியில இருந்து வாசிச்சார். நான் பக்கத்தில நிண்டனான்.

"இதை இன்னொருக்காப் பாரும்," எண்டு திருப்பித் தந்தார்.

வீட்டுக்குக் கொண்டு வந்த கடிதம் இப்ப என்ர மேசையில கிடக்கு. எங்க பிழை எண்டு நானும் தேடிக்கொண்டிருக்கிறன்.