அம்மா சௌக்கியம் என்று ஒரு தந்தி

சின்ன காஞ்சிபுரம்
14-6-1971

அன்பு மகள் வடிவுக்கு அப்பா ஆசிர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நான் சுகம், உன் அம்மாவும் சுகம், அதை அடிக்கோடு போட்டு எழுதியிருக்கிறேன் பார். பூனாவில் நீ சுகமாக இல்லை என்று உன் கடிதமே சொல்லிவிட்டதால் வழக்கம்போல் உன் சுகத்தைக் கேட்க மனசு வரவில்லை. இதற்கு முன்பே ‘அம்மா சௌக்கியம், கடிதம் பின்னால்’ என்று ஒரு தந்தி வந்திருக்கும். நீ கேட்ட தந்தி அது இல்லை என்று எனக்குத் தெரியும், ஏன் அப்படி ஆயிற்று என்று சொல்கிறேன், கோபப்படாமல் படி.

‘மதர் சீரியஸ்’ என்று ஆபீஸ் விலாசத்துக்குத் தந்தி அடியுங்கள், அதைக் காட்டி லீவு வாங்கி வந்துவிடுகிறேன், திரும்பிப் போகமாட்டேன் என்று எழுதியிருந்தாய். நீ போட்ட பம்பு வரைபடத்தில் ஒரு துளையின் அளவு தப்பி, பட்டறையில் செய்த மூடிகள் எல்லாம் வீணாகி, ஆபீசர் எல்லார் எதிரிலும் கத்தினார் என்றும், அன்றிலிருந்து பென்சிலை எடுத்தாலே கை நடுங்குகிறது, போட்ட கோட்டையே திரும்பத் திரும்ப அளந்துகொண்டிருக்கிறேன் என்றும் எழுதியிருக்கிறாயே, ஆம்பிளைகள் நிறைந்த அந்த அறையில் நீ ஒருத்தி தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பது என் கண்ணிலேயே நிற்கிறது. பாவம் என் குழந்தை, எப்படித்தான் பொறுத்தாயோ. சரி, பொய்யானால் என்ன, பெண் வந்தால் போதும் என்று மறுநாள் தந்தி ஆபீசுக்கு வேலைக்குப் போனதும் முதல் காரியமாகத் தந்தி வாசகத்தை எழுதிக் கவுண்டரில் இருக்கும் நம் துரைக்கண்ணுவிடம் நீட்டினேன். எழுதும்போதே எனக்கு மனசு ஒப்பவில்லை. ஊருக்கெல்லாம் தந்தி கொண்டுபோய்க் கொடுக்கிற பியூன் நான், என் சைக்கிள் தெருவில் திரும்பினாலே தறிச் சத்தம் நின்றுவிடும், பிரித்துப் படிக்குமுன்பே பெண்கள் மாரில் அடித்துக்கொள்வார்கள், உனக்குத் தெரியாததா.

துரைக்கண்ணு வாசித்துப் பார்த்துவிட்டு, “இன்னாண்ணா இது, அண்ணி இப்பத்தானே கோயிலாண்ட என்னைப் பார்த்து சிரிச்சுக்கினு போச்சு, அதுக்குள்ள இன்னா ஆச்சு?” என்று எழுந்தே விட்டான். நான் திருதிருவென்று முழித்தேன், அப்புறம் அடிக்கவேண்டாம் என்று தாளைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். என் முழியைப் பார்த்து அவன் விஷயம் பெரிது என்று எண்ணி யார் யாரிடமோ சொல்லியிருக்கிறான். நான் பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தால் வாசல் முழுக்கச் செருப்பு. எதிர் வீட்டு அம்சவேணி தறியை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து ஓவென்று அழுகிறாள், உன் அம்மா நடுவில் அம்மியில் மிளகாய் அரைத்தபடி, “யாருக்குடீ இன்னா ஆச்சு, சொல்லிட்டு அழுங்களேன்” என்று அவர்களையே கேட்டுக்கொண்டிருக்கிறாள். எல்லாரையும் சமாதானம் சொல்லி அனுப்பிவிட்டு உன் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். மிளகாய்க் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள், அந்த எரிச்சலுக்கும் சேர்த்து எனக்குத்தான் திட்டு விழுந்தது.

வரைபட வேலையில் எனக்கு என்னம்மா தெரியும், உன்னைத்தான் தெரியும். மெட்ராசில் பாலிடெக்னிக்கில் சேரப் போன அன்று, பெண்பிள்ளைக்குத் தையல் பிரிவு போதுமே என்று அங்கே ஒருவர் சொன்னபோது நான் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சரிங்க சார் என்றுவிட்டேன். நீதான், “இல்ல சார், எனக்கு டிராயிங்தான் வேணும், என் மார்க்கைப் பாருங்க” என்று நின்ற இடத்தைவிட்டு நகராமல் நின்றாய். அந்தப் பெண் ஒரு துளை தப்பியதற்காக எங்கேயும் போய்விடமாட்டாள். சரியாக வந்த மூடிகளுக்காக யாரும் உன்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கமாட்டார்கள், அதை நீயே உனக்குச் சொல்லிக்கொள். ஆபீசரிடம் நேரே போய், தப்பு என்னுடையதுதான், அதே வரைபடத்தை நானே திரும்பப் போட்டுத் தருகிறேன் என்று கேட்டு வாங்கு. அவர் கத்தினால் இன்னொரு தரம் கத்தட்டும், அடித்துவிட மாட்டார். மத்தியானம் சாப்பிடாமல் இருக்காதே, டைப் அடிக்கிற மராத்திப் பெண் நல்லவள் என்றாயே, அவளோடு உட்கார்ந்து சாப்பிடு. வெறும் வயிற்றில் எல்லாமே பயமாகத்தான் இருக்கும்.

இத்தனை செய்தும் முடியவில்லை என்றால் வந்துவிடு, ஏன் வந்தாய் என்று இங்கே யாரும் கேட்கப்போவதில்லை. வந்து தெம்பு தேறித் திரும்பிப் போனால் எனக்குச் சந்தோஷம், போகாவிட்டாலும் நீ எங்கள் பெண்தான். திட்டி முடித்த உன் அம்மா, எனக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “ஏங்க, பொண்ணு அவ வூட்டுக்கு வர்றதுக்கு நான் சாவக் கெடக்கணுமா? நான் நல்லா இருக்கசொல்லோ வரட்டுமே” என்றாள். அதைக் கேட்டதும் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டுப் போய் அந்தச் சௌக்கியத் தந்தியை அடிக்கச் சொன்னேன். இப்படி ஒரு தந்தியை இதுவரை அடித்ததே இல்லை என்று துரைக்கண்ணு சிரித்தான்.

நம் கோயில் பெருந்தேவித் தாயார் உன் பக்கத்தில் இருப்பாள், கை நடுக்கம் போய் நீ பழையபடி நிமிர்ந்து உட்காரவேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே. லீவுக்கு எழுதினால் காரணம் என்ற இடத்தில் உன் அம்மாவைப் படுக்கவைக்காதே, அம்மாவைப் பார்க்கவேண்டும்போல் இருக்கிறது என்று எழுது. நீ இந்த வீட்டுக்கு வர அதற்குமேல் ஒரு காரணம் வேண்டாம்.

உன் அன்பு அப்பா,
ஆதிகேசவன்